சர்வர் தொடங்கவில்லையா? எதையும் மாற்றுவதற்கு முன் வாசியுங்கள்

சர்வர் மென்பொருள் ஒன்று தொடங்க மறுக்கும்போதும், தொடங்கிய பின் இணைப்புகளை ஏற்காமல் நிற்கும்போதும் நேரும் பெரிய சேதம் பெரும்பாலும் அந்தப் பழுதினால் வருவதில்லை. அதைச் சரிசெய்யும் பதற்றத்தில் அடுத்த அரைமணி நேரத்தில் செய்யப்படும் மாற்றங்களினால்தான் வருகிறது. கோப்புறைகள் அனைத்துக்கும் 777 அனுமதி (எவரும் வாசிக்க, எழுத, இயக்க உரிமை) கொடுப்பது, வலைப்பின்னல் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலை முழுவதுமாக அணைப்பது, தரவுத்தளத்தை வலுக்கட்டாயமாகக் கொல்வது, மென்பொருளின் ஒரு பிரதி ஏற்கெனவே ஓடுகிறது என்று காட்டும் பூட்டுக் கோப்புகளை அழிப்பது, எதற்கும் இருக்கட்டும் என்று மென்பொருளையே நீக்கி மறுபடி நிறுவுவது ஆகியவற்றைப் பழுது நீக்க அழைக்கப்படும் இடங்களில் நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். நாங்கள் பார்க்கத் தொடங்கும் வேளையில் முதல் பழுதின் தடயங்கள் அழிந்து, அதன் மேல் புதிய பழுதுகள் ஏறியிருக்கின்றன. சர்வரை நிர்வகிக்கும் பொறுப்பு இன்று அதற்கெனப் பயிற்சி பெறாத நிரலாளர்களிடமும் சிறு குழுக்களிடமும் வந்து சேர்ந்திருப்பதால், இந்தத் தவறுகளைத் தவிர்க்கும் முறையை அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

"சர்வர் வேலை செய்யவில்லை" என்பது நான்கு வெவ்வேறு நிலைகளுள் எதையும் குறிக்கலாம். மென்பொருளின் பிராசஸ், அதாவது நினைவகத்தில் இயங்கும் அதன் பிரதி, ஓடாமல் இருக்கலாம். ஓடியும் எதிர்பார்த்த போர்ட்டில் (இணைப்புகள் வந்துசேரும் எண்ணிட்ட வாயிலில்) இணைப்புக்காகக் காத்திராமல் இருக்கலாம். காத்திருந்தும் வெளியிலிருந்து அங்கு செல்லும் பாதை அடைபட்டிருக்கலாம். பாதை திறந்திருந்தும் மென்பொருளே அந்தப் பயனரை உள்ளே விட மறுக்கலாம். இவற்றை இந்த வரிசையிலேயே சோதிப்பது நல்லது. பிராசஸே ஓடாதபோது ஃபயர்வாலை ஆராய்வதும், கடவுச்சொல் தவறாக இருக்கும்போது சர்வரை மறுதொடக்கம் செய்வதும் நேரத்தை மட்டுமல்ல, தடயங்களையும் இழக்கச் செய்யும்.

பிராசஸ் ஓடவில்லை என்றால் பதில் லாக்கில்தான், அதாவது நிகழ்வுகள் பதியப்படும் குறிப்பேட்டில்தான், இருக்கும். சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி இயங்கும் லினக்ஸ் கணினிகளில் சேவையின் நிலையைக் கேட்டால் லாக்கின் கடைசிச் சில வரிகள் மட்டுமே தெரியும், அவையும் பல வேளைகளில் திரையின் அகலத்துக்கு வெட்டப்பட்டிருக்கும். அந்தச் சில வரிகளை மட்டும் வைத்து முடிவெடுப்பதால் நேரும் குழப்பம் மிக அதிகம். எடுத்துக்காட்டாக, தொடக்கக் கோரிக்கை மிக விரைவாகத் திரும்பத் திரும்ப வந்தது என்ற செய்தியைப் பலர் காரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில், 10 வினாடிகளுக்குள் 5 முறை தொடங்கி விழுந்த ஒரு சேவையை மேலும் முயலாமல் சிஸ்டம்டி நிறுத்திவிட்டது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. சிஸ்டம்டியின் லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் அந்தச் சேவையின் பெயரைக் கொடுத்து, முதல் தோல்வி நிகழ்ந்த நேரம்வரை பின்னோக்கிச் சென்று, அங்குள்ள முதல் பிழையை வாசிக்க வேண்டும். அதற்குப் பின் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகளே. என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளங்கள் போன்றவை தமக்கென்று தனி லாக் கோப்புகளையும் எழுதக்கூடும் என்பதால் அவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். லாக்கில் ஒரு வரிகூட இல்லாமல் மென்பொருள் விழுந்தால், அந்தச் சேவைக்குரிய பயனராக மாறி, அதே கட்டளையை முனையத்தில் நேரடியாக இயக்கிப் பாருங்கள். எல்லா உரிமைகளும் உள்ள ரூட் பயனராக இயக்கிச் சோதிக்காதீர்கள்: அது அனுமதிச் சிக்கலை மறைத்துவிடும் என்பதோடு, ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகளை உருவாக்கிவிட்டுப் போய், அடுத்த முறை சேவை தொடங்குவதற்கு அதுவே தடையாகவும் நிற்கும்.

அமைப்புக் கோப்பில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டதுதான் காரணம் என்று தெரியவரும் வழக்குகள் ஏராளம், அவை எளிதில் தீர்பவை. ஆனால் இங்கே அறிய வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. பிழையுள்ள அமைப்புடன் என்ஜின்எக்ஸை ரீலோடு செய்தால் (நிறுத்தாமல் அமைப்பை மட்டும் மீண்டும் படிக்கச் சொன்னால்), அது பிழையை லாக்கில் எழுதிவிட்டுப் பழைய அமைப்புடனேயே தொடர்ந்து ஓடும். அதையே ரீஸ்டார்ட் செய்தால், ஓடிக்கொண்டிருந்தது முதலில் நிற்கும், பின்னர் புதியது எழ மறுக்கும், தளம் முழுவதும் இருண்டுவிடும். என்ஜின்எக்ஸ், மற்றொரு வலை சர்வரான அப்பாச்சி, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் ஆகிய மூன்றுமே அமைப்பை மட்டும் சோதித்துச் சொல்லும் கட்டளையைத் தம்மிடமே வைத்திருக்கின்றன, அதற்குச் சில வினாடிகள் போதும். தொலைவிலுள்ள கணினியின் எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றுபவர் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒருபோதும் ரீஸ்டார்ட் செய்யக் கூடாது. புதிய இணைப்பு ஒன்று வெற்றிகரமாக உள்ளே வரும்வரை கையிலுள்ள பழைய இணைப்பையும் மூடக் கூடாது.

முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று செய்தி வந்தால், வேறொரு பிராசஸ் அந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கிறது என்று பொருள். எஸ்எஸ் என்ற கட்டளை எந்தப் பிராசஸ் என்பதைப் பெயருடன் காட்டும். அதைக் கொல்வதற்கு முன் அது என்ன என்று பாருங்கள். அதே மென்பொருளின் பழைய பிரதி ஒன்று நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கலாம், அது தரவுத்தளமாக இருந்தால் அதனிடம் இன்னும் வட்டில் முழுமையாக எழுதி முடிக்கப்படாத வேலை இருக்கலாம். 80, 443 போன்ற 1024-க்குக் குறைந்த போர்ட்டுகளில் அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால் காரணம் வேறு. லினக்ஸ் வழக்கமாக அந்த எண்களை ரூட்டுக்கோ, அதற்கென்று தனி உரிமை அளிக்கப்பட்ட பிராசஸுக்கோ மட்டுமே விட்டுக்கொடுக்கும். அந்த ஒற்றை உரிமையை மட்டும் கொடுப்பதே சரி. மென்பொருள் முழுவதையும் ரூட்டாக இயக்குவது தீர்வாகாது.

அனுமதிச் சிக்கல் என்றதும் 777 போடும் பழக்கத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு ஒருபுறம் இருக்கட்டும், அது பல வேளைகளில் பழுதையே நீக்குவதில்லை. போஸ்ட்கிரெஸின் தரவுக் கோப்புறை எல்லோருக்கும் திறந்திருந்தால் அது தொடங்கவே மறுக்கும்: 0700 அனுமதியையும் (உரிமையாளருக்கு மட்டும்), பதிப்பு 11 முதல் 0750 அனுமதியையும் (அவரது குழுவும் வாசிக்கலாம்) மட்டுமே அது ஏற்கும். உள்நுழையப் பயன்படும் தனிச்சாவிக் கோப்பு பிறர் வாசிக்கும்படி இருந்தால் எஸ்எஸ்எச்சும் அதைப் பயன்படுத்தாது. ஆகவே வேறு காரணத்தால் விழுந்த ஒரு தரவுத்தளம், 777 கொடுத்த பிறகு இரண்டு காரணங்களால் எழாமல் கிடக்கும். அனுமதி எல்லாம் சரியாகத் தெரிந்தும் மறுக்கப்பட்டால், லினக்ஸில் கூடுதல் காவல் விதிகளை விதிக்கும் செலினக்ஸையோ ஆப்ஆர்மரையோ ஐயப்படுங்கள். உபுண்டு லினக்ஸில் மைஎஸ்கியூஎல்லின் தரவுக் கோப்புறையைப் புதிய வட்டுக்கு நகர்த்துபவர்கள் ஆப்ஆர்மரின் விதியில் புதிய பாதையைச் சேர்க்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அந்த ஒரு பாதையைச் சேர்த்தால் போதும், காவலையே நீக்கத் தேவையில்லை.

வட்டு நிறைந்துபோவது நான் மிகவும் அஞ்சும் நிலை, ஏனெனில் இங்கேதான் மனிதர்கள் கோப்புகளை அழிக்கத் தொடங்குகிறார்கள். முதலில், வட்டு நிறைந்திருப்பதே சிலருக்குத் தெரிவதில்லை. இடம் மீதி இருப்பதாகக் காட்டினாலும், ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவிடங்கள்) தீர்ந்துபோயிருந்தால் புதிய கோப்பு ஒன்றுகூட உருவாகாது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் வழக்கமாக 5 விழுக்காடு இடம் ரூட்டுக்கென ஒதுக்கப்பட்டிருப்பதால், நிர்வாகி ரூட்டாக எழுதிப் பார்க்கும்போது எழுத முடியும், சேவையின் பயனரால் முடியாது. அடுத்து, எதை அழிப்பது என்ற கேள்வி வருகிறது. போஸ்ட்கிரெஸ் தன் ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டிப் பதிந்துவைக்கும் கோப்புறையின் பெயரில் முன்பு லாக் என்ற சொல் இருந்தது. அதைச் சாதாரண லாக் என்று கருதி, இடம் வேண்டி அழித்தவர்கள் தங்கள் தரவுத்தளத்தையே சிதைத்துக்கொண்டார்கள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே 2017-இல் வெளிவந்த பதிப்பு 10-இல் அந்தக் கோப்புறைக்கு வேறு பெயர் இடப்பட்டது. தரவுத்தளத்தின் கோப்புறைக்குள் இருக்கும் எதையும், அது என்னவென்று ஆவணத்தில் உறுதிசெய்யாமல் அழிக்காதீர்கள். இடம் வேண்டுமென்றால் அந்தக் கோப்புறைக்கு வெளியே தேடுங்கள், அல்லது வட்டைப் பெரிதாக்குங்கள்.

பூட்டுக் கோப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். திடீரென மின்சாரம் போன பிறகு, பிராசஸ் எண்ணைத் தாங்கிய பழைய கோப்பு ஒன்று எஞ்சி நின்று, மென்பொருள் தொடங்குவதைத் தடுப்பது உண்டு. அதை அழிக்கலாம், ஆனால் அந்த எண்ணில் எதுவும் ஓடவில்லை என்பதையும், அதே தரவுக் கோப்புறையை வேறு எந்தப் பிரதியும் பயன்படுத்தவில்லை என்பதையும் பார்த்த பிறகே அழிக்க வேண்டும். ஒரே தரவின் மீது இரண்டு தரவுத்தளப் பிராசஸ்கள் எழுதினால் அந்தச் சிதைவை எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது. முறையாக மூடப்படாத தரவுத்தளம் எழும்போது தன்னைத் தானே சீர்செய்துகொள்ள நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். சேவைக் கோப்பில் வேறு அளவு தரப்படாவிட்டால், தயார் என்று அறிவிக்க வேண்டிய சேவைகளுக்குச் சிஸ்டம்டி வழக்கமாக 90 வினாடிகளே தருகிறது. சீரமைப்பு அதற்குள் முடியாவிட்டால் பாதியில் நிறுத்தப்பட்டு, அடுத்த முயற்சியில் மீண்டும் தொடங்கும். லாக்கில் சீரமைப்பு நடப்பது தெரிந்தால் கால வரம்பை நீட்டிவிட்டுக் காத்திருப்பதே செய்யத்தக்கது. இந்தக் காத்திருப்பு எவ்வளவு கடினமானது என்பதை நான் அறிவேன், ஆயினும் குறுக்குவழி இல்லை.

நினைவகம் போதாமல் விழுந்த பிராசஸ் தன் லாக்கில் எதையும் எழுதிச் செல்லாது. கண்டெய்னர் (மென்பொருளைத் தனித்து அடைத்து இயக்கும் சூழல்) 137 என்ற எண்ணுடன் வெளியேறியிருந்தால், அது 128-உடன் கொல்லும் சமிக்ஞையின் எண்ணான 9 சேர்ந்தது, அதாவது வெளியிலிருந்து கொல்லப்பட்டது என்று பொருள். கொன்றது இயங்குதளத்தின் மையமான கெர்னலா என்பதை கெர்னலின் லாக் சொல்லும்.

இனி, பிராசஸ் ஓடியும் இணைப்பு கிடைக்காத நிலைக்கு வருவோம். இணைப்பு மறுக்கப்பட்டது என்ற செய்தியும், நேரம் கடந்துவிட்டது என்ற செய்தியும் ஒன்றல்ல. மறுப்பு உடனடியாக வரும்: அனுப்பிய தரவுப் பொட்டலம் ஏதோ ஒரு கணினியை அடைந்து, அங்கே அந்தப் போர்ட்டில் எவரும் இல்லை என்று பதில் திரும்பியிருக்கிறது, அல்லது இடையிலுள்ள ஃபயர்வால் வெளிப்படையாக மறுத்திருக்கிறது. நேரம் கடப்பது என்பது எந்தப் பதிலும் வரவில்லை என்பது. லினக்ஸில் அது தெரியவர ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். ஃபயர்வாலோ கிளவுட் நிறுவனத்தின் பாதுகாப்பு விதியோ பொட்டலத்தை ஓசையின்றி விழுங்கியிருக்கலாம், முகவரியே தவறாகவும் இருக்கலாம். முதலாவதற்கு சர்வரின் உள்ளேயும், இரண்டாவதற்குப் பாதையிலும் தேடத் தொடங்குங்கள். இந்த ஒரு வேறுபாட்டை உதவி கேட்பவர்கள் குறித்து வந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உடனடி மறுப்புக்கு மிகுதியாகக் காணப்படும் காரணம், மென்பொருள் தன் கணினியையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் காத்திருப்பது. போஸ்ட்கிரெஸ் இயல்பாகவே அப்படித்தான் தொடங்கும். அதே கணினியில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும், வெளியிலிருந்து வந்தால் மறுக்கப்படும். கண்டெய்னருக்குள் இது இன்னும் குழப்பமானது. அங்கே 127.0.0.1 என்பது அந்தக் கண்டெய்னரையே குறிக்கும் என்பதால், ஒரு கண்டெய்னரிலுள்ள பயன்பாடு அந்த முகவரியில் தரவுத்தளத்தைத் தேடினால் தன்னைத்தானே தேடிக்கொண்டிருக்கும். மைஎஸ்கியூஎல்லில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் அது போர்ட் 3306-க்குப் போகாமல் அதே கணினிக்குள் மட்டும் இணைக்கும் சாக்கெட் கோப்பைத் தேடும், 127.0.0.1 என்று எழுதினால்தான் போர்ட்டுக்குப் போகும். ஒன்று வேலை செய்து மற்றொன்று செய்யாமல் போவது இதனால்தான்.

காத்திருக்கும் முகவரியை 0.0.0.0 (கணினியின் எல்லா முகவரிகளும்) என்று மாற்றினால் இணைப்பு கிடைத்துவிடும் என்பது உண்மை. அந்த இணைப்பு உலகம் முழுவதற்கும் கிடைக்கக்கூடும் என்பதும் உண்மை. 2017-இன் தொடக்கத்தில், கடவுச்சொல் இல்லாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்த மோங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் பணம் கேட்கும் குறிப்புகள் விடப்பட்டன. மோங்கோடிபி பதிப்பு 3.6 முதல் இயல்பாகவே உள்முகவரியில் மட்டும் காத்திருப்பதும், ரெடிஸ் தரவுத்தளம் பதிப்பு 3.2 முதல் பாதுகாப்பு நிலையில் தொடங்குவதும் உங்களைத் தொல்லைப்படுத்துவதற்காக அன்று. உள்வலைப்பின்னலின் குறிப்பிட்ட முகவரியை மட்டும் கொடுங்கள், அதற்கு மேல் ஃபயர்வாலில் தேவையான கணினிகளை மட்டும் அனுமதியுங்கள். கண்டெய்னர்களை இயக்கும் டாக்கர் வழியாக வெளியிடப்படும் போர்ட்டுகள் உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் விதிகளைக் கடந்து திறந்துவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை. அங்கே போர்ட்டை வெளியிடும்போதே 127.0.0.1 முகவரியைச் சேர்த்து எழுத வேண்டும்.

கடைசி நிலையில் மென்பொருளே மறுக்கும்போது செய்தி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். போஸ்ட்கிரெஸ் எந்த முகவரியிலிருந்து, எந்தப் பயனர், எந்தத் தரவுத்தளத்துக்கு வந்தார் என்று சொல்லியே மறுக்கும், அதற்குரிய ஒரு வரியை அனுமதிக் கோப்பில் சேர்த்து ரீலோடு செய்தால் போதும். இணைப்புகள் தீர்ந்துவிட்டன என்று வந்தால் இயல்பான வரம்பு போஸ்ட்கிரெஸில் 100, மைஎஸ்கியூஎல்லில் 151 என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஆனால் வரம்பை உயர்த்துவதற்கு முன், பயன்பாடு எடுத்த இணைப்புகளைத் திருப்பித் தருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்த வரம்பும் நிறையவே செய்யும், நினைவகமும் அதோடு தீரும்.

சரிசெய்த பிறகு, பயனர்கள் குறைவாக உள்ள நேரத்தைத் தேர்ந்தெடுத்து, கணினியை ஒருமுறை முழுமையாக மறுதொடக்கம் செய்து பாருங்கள். கையால் தொடங்கும்போது எழும் சேவை, கணினி எழும்போது தானாக எழ வேண்டுமென்று பதியப்படாமல் இருக்கலாம். தரவு வட்டு இணைக்கப்படுவதற்கு முன்போ, வலைப்பின்னல் முகவரி கிடைப்பதற்கு முன்போ தொடங்க முயன்று விழலாம். அவசரத்தில் கட்டளையாக மட்டும் கொடுத்த ஃபயர்வால் விதி சேமிக்கப்படாமல் மறைந்துபோகலாம். இந்த மூன்றும் மாதக்கணக்கில் வெளித்தெரியாமல் இருந்துவிட்டு, அடுத்த மறுதொடக்கம் நிகழும் நாளில்தான் வெளிவரும். அன்று அந்தக் கணினியின் முன் இருப்பவர் இன்று என்ன மாற்றப்பட்டது என்பதை அறியாத ஒருவராக இருக்கலாம் என்பதால், செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் காரணத்துடன் அந்த அமைப்புக் கோப்பிலேயே, அந்த வரிக்கு மேலேயே குறிப்பாக எழுதி வையுங்கள்.