மீளெழுச்சியா, மறுதளிர்ப்பா? ரிவைவல் என்ற சொல் பற்றி

போன கிழமை மருமகன் கைபேசியை நீட்டி ஒரு வரியைக் காட்டினான். அவனும் கிளிநொச்சியில் அவனோடு படிக்கிற இரண்டு பெடியளும் அமெரிக்கக் காமிக்ஸ் செய்திகளைத் தமிழில் எழுதிப் பார்க்கிறார்கள். நல்ல வேலை, செய்ய வேண்டிய வேலை. வரி இதுதான்: "இரத்துச் செய்யப்பட்ட லீஜன் ஒஃப் சூப்பர் ஹீரோஸ் குழுவின் மீளெழுச்சி குறித்து ரசிகர்கள் நம்பிக்கை கொண்டுள்ளனர்."

"மாமா, பிழை ஏதும் இருக்கா?" என்று கேட்டான்.

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 'மீளெழுச்சி'யை நான் எத்தனை பலகையில், எத்தனை கூட்ட அறிவித்தலில், எத்தனை துண்டுப் பிரசுரத்தில் பார்த்துவிட்டேன்! கடைசியில் ஒரு சித்திரக்கதைக்கும் அது வந்து சேர்ந்ததைப் பார்த்தபோது இதை எழுதத்தான் வேண்டும் என்று பட்டது.

முதலில் மூலச் சொல். மருமகன் மீளெழுச்சி என்று மொழிபெயர்த்த ரிவைவல் (revival) லத்தீனிலிருந்து வந்தது. 'ரி' என்றால் திரும்ப, 'விவெரே' என்றால் வாழ்தல். திரும்ப வாழ்தல், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அது நோயாளி கண் திறப்பதற்கும், பழைய நாடகத்தைத் திரும்ப மேடையேற்றுவதற்கும், சபைகளில் நடக்கும் எழுப்புதல் கூட்டத்துக்கும், நின்றுபோன தொடர் திரும்ப வெளிவருவதற்கும் ஒன்றாகவே ஓடுகிறது. தமிழில் இவை நாலுக்கும் நாலு சொல் இருக்கிறது, அல்லது இருக்க வேண்டும். அகராதியில் முதலாவதாகப் போட்டிருப்பதை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டுவதால்தான் இந்தக் குழப்பம்.

'மறுமலர்ச்சி' என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கு நிலைத்துவிட்ட சொல். நம்மிடத்திலும் 1946 முதல் 1948 வரை யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயரில் ஓர் இதழ் வந்தது, ஈழத்து இலக்கியத்தில் ஒரு காலத்துக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. ஒரு சமூகத்தின் சிந்தனையே புதிதாக விரிவதைச் சொல்லும் சொல்லை, விற்பனை குறைந்து நின்ற மாத இதழுக்குக் கொடுப்பது சரியில்லை. 'மீளுயிர்ப்பு' இன்னொன்று. உயிர்ப்பு என்றால் பழைய தமிழில் மூச்சு. நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. மீளுயிர்ப்பு என்று வாசிக்கிறபோது யாரோ திரும்பவும் பெருமூச்சு விடுவதுபோல எனக்குக் கேட்கிறது. 'உயிர்த்தெழுதல்' பற்றிக் கீழே சொல்கிறேன், அதற்கு ஓர் இடம் உண்டு.

மீளெழுச்சிக்கு வருவோம். 2009க்குப் பிறகு வன்னியில் 'மீள்' இல்லாமல் ஒரு வேலையும் நடக்கவில்லை. மீள்குடியேற்றம், மீள்கட்டுமானம், மீள்நிர்மாணம், மீளிணைப்பு. மீளெழுச்சி என்ற பெயரிலேயே ஒரு திட்டம் இருந்தது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகிற தெருவில் பலகைகளை வாசித்துக்கொண்டு போனால், தமிழில் வேறு முன்னொட்டே இல்லையோ என்று நினைக்கத் தோன்றும். ஆங்கிலத்தில் 'ரி' என்று தொடங்குகிற எதைக் கண்டாலும் 'மீள்' போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிற மொழிபெயர்ப்பாளர்கள்தான் இதைப் பரப்பினார்கள். திட்ட அறிக்கை நாளைக்கே வேண்டும் என்று நெருக்கினால் அவர்களும் என்ன செய்வது, அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் அந்தப் பலகைகளைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் எழுதப் பழகினார்கள்.

மீள்தல் பிழையான தமிழ் என்று நான் சொல்ல வரவில்லை. 'மீண்டும்' என்பதே அதிலிருந்து வந்ததுதானே. ஆனால் மீள்தல் என்ற வினைக்கு ஒரு குணம் உண்டு. 'எதிலிருந்து' என்ற கேள்வி அதோடு ஒட்டிக்கொண்டே வரும். நோயிலிருந்து மீண்டான், கடனிலிருந்து மீண்டான், அடைமானத்தில் கிடந்த காணியை மீட்டான். மீளாத் துயர் என்கிறோம். ஒரு பிடிக்குள் இருந்து வெளியே வருவதுதான் மீள்தல். மீள்குடியேற்றம் என்று கோப்பில் எழுதினார்கள். சனம் அப்படிச் சொல்லவில்லை. "ஊருக்குத் திரும்பினது", "நாங்கள் திரும்பி வந்தது பத்தாம் ஆண்டு" என்றுதான் சொன்னார்கள், இப்பவும் அப்படித்தான் சொல்கிறார்கள். திரும்புதல் காலால் செய்கிற வேலை. அந்தச் சொல்லில் தறப்பாளும் சைக்கிளும் பிள்ளைகளும் தெரிகின்றன. கோப்புச் சொல்லில் குடும்ப எண்ணிக்கை மட்டும்தான் தெரிகிறது.

எழுச்சி அதைவிடப் பெரிய சொல். பலர் ஒன்றாக எழும்பி நிற்பது எழுச்சி. வன்னியில் அந்தச் சொல்லைக் கேட்கிற எவருக்கும் வேறு நினைவுகள் வரும், அவை இலேசான நினைவுகள் அல்ல. ஒரு காமிக்ஸ் இதழ் திரும்ப வருவது சந்தோசமான செய்திதான். ஆனால் அது எழுச்சி கொள்வதில்லை. ஒரு சிறிய சந்தோசத்துக்கு இவ்வளவு பாரமான சொல்லைச் சுமத்தினால் சந்தோசமும் போகும், சொல்லும் தேயும்.

சரி, வேறு என்ன சொல்வது?

அறுவடை முடிந்த வயலைப் பாருங்கள். காலபோகம் வெட்டி, சூடு அடித்து, நெல் வீட்டுக்கு வந்த பிறகு வயலில் அடிக்கட்டை நிற்கும். மண்ணில் ஈரம் கொஞ்சம் மிச்சம் இருந்தால், யாரும் விதைக்காமலே அந்தக் கட்டையிலிருந்து பச்சை கிளம்பும். இதற்கு மறுதாம்பு என்று பெயர். கரும்பில் இதையே பயிராக வளர்த்து எடுக்கிறார்கள். வேலிக்கு நட்ட கிளுவங்கதியாலும் பூவரசும் இதைத்தான் செய்கின்றன. முருங்கையைச் சொல்லவே தேவையில்லை. வெட்டினது வெட்டினதுதான், ஆனால் வேர் இருந்தது, அதனால் தளிர்த்தது. நின்றுபோன ஒரு தொடர் திரும்ப வருவதற்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. மறுதாம்பு என்றே வைக்கலாம் என்பது என் ஆசை. பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அது விளங்காது என்பதால் மறுதளிர்ப்பு என்கிறேன். 'மறு' இங்கே அடுத்த, இன்னொரு என்ற பொருளில் நிற்கிறது: மறுநாள், மறுபடி, மறுபிறப்பு. வினையாக எழுதுகிறபோது அதுவும் வேண்டாம், 'திரும்பத் தளிர்த்தது' போதும்.

இந்தச் சொல் காமிக்ஸ் வரலாற்றோடு எவ்வளவு ஒத்துப் போகிறது என்று பாருங்கள். எக்ஸ்-மென் என்ற சூப்பர் ஹீரோ குழுவின் இதழ் 1963இல் தொடங்கியது. 1970இல் 66ஆவது இதழோடு புதுக்கதை நின்றது. ஆனால் இதழை ஒரேயடியாக மூடவில்லை. சில மாத இடைவெளிக்குப் பிறகு 67 தொடக்கம் 93 வரை பழைய கதைகளையே திரும்ப அச்சடித்தார்கள். 1975இல் லென் வெய்னும் டேவ் கொக்ரமும் ஒரு பெரிய சிறப்பிதழில் புதிய குழுவைக் கொண்டுவந்தார்கள். ஸ்டோர்ம், நைட்குரோலர், கொலொசஸ் எல்லாரும் அதில்தான் முதன்முதலாக வருகிறார்கள். பழைய ஐவரில் சைக்ளொப்ஸ் அவர்களோடு நின்றார். அடுத்து வந்த வழக்கமான இதழுக்கு என்ன எண் தெரியுமா? 94. ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. ஐந்து வருடம் அடிக்கட்டையாக நின்ற வயல் அதே வேரிலிருந்து தளிர்த்தது. மருமகன் வரியில் இருந்த 'இரத்து' இதழுக்குப் பொருந்தாது. இரத்துச் செய்வது கட்டளையை, பதிவை, பயணச்சீட்டை. இதழ் நிறுத்தப்படும், அல்லது நின்றுபோகும்.

லீஜன் கதை வேறு. 1958இல் ஒரு சூப்பர்போய் கதைக்குள் வந்த எதிர்காலத்து இளைஞர் கூட்டம் அது. அவர்களுக்கு 1994இல் நடந்தது தளிர்ப்பே இல்லை. அதுவரை இருந்த வரலாறு முழுவதையும் அழித்துவிட்டு, குழு தொடங்கிய நாளிலிருந்து புதிதாக எழுதினார்கள். பத்து வருடம் கழித்து இன்னொரு தடவையும் அப்படியே. ஆங்கிலத்தில் இதற்கு ரீபூட் என்று தனிச் சொல் இருக்கிறது, ரிவைவல் என்று கலப்பதில்லை. நாமோ இரண்டுக்கும் மீளெழுச்சி போட்டுவிடுகிறோம். கட்டையை உழுது தாட்டுவிட்டு அடுத்த போகத்துக்குப் புதுநெல் எறிகிறோமே, அதுதான் ரீபூட். மறுவிதைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கணினிக்காரர் 'மறுதொடக்கம்' என்கிறார்கள். கணினிக்கு அது சரி, ஏனென்றால் கணினியை மூடித் திறந்தாலும் உள்ளே கோப்புகள் அப்படியே இருக்கும். லீஜனுக்கு அப்படி இருக்கவில்லை.

இப்போது உயிர்த்தெழுதல். டூம் பட்ரோல் என்ற குழுவின் இதழ் 1968இல் நின்றபோது கதைக்குள்ளேயே அவர்களைச் சாகவைத்தார்கள். ஒரு மீன்பிடிக் கிராமத்தின் 14 பேரைக் காப்பாற்ற நால்வரும் உயிரைக் கொடுத்தார்கள். அந்த இதழிலேயே ஓவியரும் இதழாசிரியரும் படமாக வந்து, இவர்கள் திரும்பி வருவதா இல்லையா என்று வாசகரிடம் கேட்டார்கள். 1977இல் குழு வேறு ஆட்களோடு திரும்ப வந்தது. பழையவர்களில் ரோபோட்மேன் மட்டும் புது உடலோடு வந்தான். இங்கே இரண்டு சொல்லும் வேண்டும். ரோபோட்மேன் உயிர்த்தெழுந்தான், தொடர் திரும்பத் தளிர்த்தது. பாத்திரத்துக்கு ஒன்று, இதழுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், கதைக்குள் நடந்ததா அச்சகத்தில் நடந்ததா என்று வாசிக்கிறவனுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பில் எனக்கு இந்தத் தெளிவுதான் முக்கியம், தூய்மை இரண்டாவதுதான். சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் 2012இல் திரும்ப வந்தபோது 'கம்பேக் ஸ்பெஷல்' என்று போட்டார்கள். அது தமிழ் இல்லைதான், ஆனால் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் விளங்கியது. மீளெழுச்சிச் சிறப்பிதழ் என்று போட்டிருந்தால் எனக்கு இன்னும் கோபம் வந்திருக்கும்.

தளிர்க்காததும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தலை போன பனை தளிர்க்காது. ஷெல் பட்டுத் தலையிழந்த பனைகள் நம் பக்கத்தில் எத்தனை நின்றன. முருங்கையைப்போல பக்கத்தால் கிளைவிட அதற்குத் தெரியாது. 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. என்னிடம் இருந்த ராணி காமிக்ஸ் கட்டு, பொருளாதாரத் தடைக்காலத்தில் இந்தியப் புத்தகம் ஒன்றும் உள்ளே வராதபோது கை மாறி மாறி ஊரெல்லாம் போய் அட்டை கிழிந்த கட்டு, கடைசி இடப்பெயர்வில் போய்விட்டது. அதை மீட்க ஒரு திட்டமும் இல்லை. மீள் என்ற சொல் மேல் எனக்குள்ள கோபத்தில் இதுவும் ஒரு பங்கு என்பதை மறைக்க விரும்பவில்லை.

மருமகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப லீஜன் ஆக்கள் எதுக்குக் காத்திருக்கினம், தளிர்ப்புக்கோ விதைப்புக்கோ?" என்றான். நல்ல கேள்வி. 2013இல் நின்ற இதழ் 2019இல் வந்தது, அதுவும் 12 இதழோடு நின்றது. அது புதுவிதை. பழைய ரசிகர்கள் பலருக்கு வேண்டியது அது இல்லை. தங்களுக்குத் தெரிந்த குழு, தாங்கள் வளர்ந்த காலத்தில் வாசித்த அந்த வரலாற்றோடு, விட்ட இடத்திலிருந்து வர வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. அப்படியென்றால் தளிர்ப்பு.

'நம்பிக்கை கொண்டுள்ளனர்' என்பதையும் வெட்டச் சொன்னேன். நம்பிக்கை கொள்வது கடவுள் மேல், அல்லது நீதிமன்றத்தின் மேல். ரசிகர்கள் செய்வது பார்த்துக்கொண்டிருப்பது. பின்னேரம் ஏ9 தெருவில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி. அவன் திருத்தி எழுதினது இப்படி: "நின்றுபோன லீஜன் திரும்பத் தளிர்க்கும் என்று ரசிகர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்." 'குழு'வை எடுத்ததற்குக் காரணம் கேட்டேன். லீஜன் என்றாலே கூட்டம்தானே மாமா, என்றான்.