13 வயதில் எதற்கு இந்த ஊசி?

சிங்கப்பூரில் உயர்நிலை 1 படிக்கும் மகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போடப் பள்ளியிலிருந்து ஒப்புதல் கேட்கும்போது, நம் வீடுகளில் பலரும் தயங்குகிறார்கள். உடலுறவின் மூலம் பரவும் வைரஸாயிற்றே, சின்னப் பிள்ளைக்கு இப்போதே எதற்கு, கல்யாண வயதில் போட்டால் போதாதா? நியாயமான கேள்விதான். இந்த வைரஸ் உடலுக்குள் என்ன செய்கிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

கருப்பைவாயின் மேல்தோல் பல அடுக்குகளால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத சிறு சிராய்ப்பு வழியாக எச்பிவி அடி அடுக்கிலுள்ள உயிரணுக்களுக்குள் நுழைகிறது. அது ரத்தத்தில் கலப்பதில்லை, உயிரணுக்களைக் கொல்வதில்லை, வீக்கமோ காய்ச்சலோ வருவதில்லை. அதனால் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைச் சட்டென்று கவனிப்பதும் இல்லை. அப்படியும் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தொற்று தானாகவே அடங்கிவிடும்.

அடங்காமல் தங்கிவிட்டால்தான் ஆபத்து. வைரஸ் இரண்டு புரதங்களைத் தயாரிக்கிறது. பெயர் இ6, இ7. மரபணு சேதமானால் அந்த உயிரணு பெருகாமல் நிறுத்தி வைக்கும் பி53 என்ற காவல் புரதத்தை இ6 அழிக்கிறது. கண்டபடி பெருகாமல் தடுக்கும் இன்னொரு புரதத்தை இ7 முடக்குகிறது. இரண்டு தடையும் போனபின் உயிரணு பிரிந்துகொண்டே இருக்கும், பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் 10, 20 ஆண்டுகள் ஆகும். கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய எல்லாமே இந்த வைரஸால் வருபவை. அவற்றில் சுமார் 70 விழுக்காட்டுக்கு வைரஸின் 16, 18 என்று எண்ணிடப்பட்ட இரண்டு வகைகளே காரணம். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆண்களும் தப்புவதில்லை. தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்புப் புற்றுநோய்களிலும் இதன் பங்கு உண்டு.

சரி, தடுப்பூசி என்ன செய்கிறது? வைரஸின் மேலோடு எல்1 என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதத்தை மட்டும் ஆய்வுக்கூடத்தில் தயாரித்தால், 360 பிரதிகள் தாமாகவே ஒன்றுகூடி வைரஸைப் போன்ற உருண்டையாகிவிடுகின்றன. எனக்கு இதில் மிகவும் வியப்பான இடம் இதுதான். உள்ளே மரபணு எதுவும் இல்லாத வெறும் கூடு அது. தொற்றவும் முடியாது, புற்றுநோயை உண்டாக்கவும் முடியாது. ஆனால் தசையில் ஊசியாகப் போட்டதும் உடல் அதை நிஜ வைரஸாகவே எடுத்துக்கொண்டு, இயற்கைத் தொற்றில் உருவாவதைவிடப் பல மடங்கு எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) உருவாக்குகிறது. பின்னாளில் உண்மையான வைரஸ் வந்தால், சிராய்ப்பில் கசியும் எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொள்ளும். உயிரணுவுக்குள் போக விடாது.

உள்ளே போய்விட்ட வைரஸை இந்த ஊசியால் வெளியேற்ற முடியாது. அதனால்தான் முன்கூட்டியே போட வேண்டியிருக்கிறது. அதோடு, 15 வயதுக்கு முன் உடலின் எதிர்வினை வலுவாக இருப்பதால் மூன்று ஊசிக்குப் பதில் இரண்டே போதும். இங்கிலாந்தில் 2021இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். 12, 13 வயதில் தடுப்பூசி வாய்ப்புக் கிடைத்த பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் 87 விழுக்காடு குறைந்தது. 14 முதல் 16 வயதில் என்றால் 62 விழுக்காடு. 16 முதல் 18 வயதில் வெறும் 34. ஒவ்வோர் ஆண்டுத் தாமதத்துக்கும் விலை இருக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 2019 முதல் உயர்நிலை 1 மாணவிகளுக்கு இந்த ஊசி போடப்படுகிறது. என்னைக் கேட்டால், தயக்கமில்லாமல் சம்மதம் கொடுங்கள் என்பேன்.

அப்புறம், அம்மாக்களுக்கு ஒன்று. தடுப்பூசி எல்லா வகைகளையும் தடுக்காது, நம் தலைமுறையில் பலர் அதைப் போட்டுக்கொண்டதும் இல்லை. உடலுறவில் ஈடுபட்ட பெண்கள் 25 முதல் 29 வயதுவரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, கருப்பைவாயிலிருந்து உயிரணுக்களை எடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனையும், 30 வயதிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும் என்பதே இங்குள்ள பரிந்துரை. ஊசி போட்ட மகளுக்கும் பிற்காலத்தில் இது பொருந்தும். பலதுறை மருந்தகத்தில் சில நிமிட வேலை. மாற்றம் தெரிந்தால், அது புற்றுநோயாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் திசுவை அகற்றிவிடலாம்.