தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் துறைகள்

மத்தியக் கல்வி அமைச்சகம் உயர்கல்வி நிறுவனங்களுக்குப் போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை வந்துவிட்டால் சென்னையில் ஒரு வாரத்துக்கு அதே பேச்சுதான். கோடம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஐஐடி முதலிடம், சரி. ஒரு பல்கலைக்கழகத்தில் எந்தத் துறை கொடுத்த காசுக்கும் ஆளுக்கும் ஒழுங்காக வேலை பார்க்கிறது என்று அளக்க வழி உண்டா?”

உண்டு. வந்ததைப் போட்டதால் வகுத்தால் செயல்திறன். ஆனால் துறையிலிருந்து வருவது ஒரே சரக்கில்லையே. ஒரு பிஎச்.டி.க்கு எத்தனை மதிப்பெண், ஓர் ஆய்வுக்கட்டுரைக்கு எத்தனை? என்.ஐ.ஆர்.எஃப். கற்பித்தலுக்கு 30%, ஆராய்ச்சிக்கு 30% என்று மேலிருந்தே வகுத்துவிடுகிறது. 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற மூவர் வெளியிட்ட ‘டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ்’ முறை இதைத் தலைகீழாக்கியது. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை அந்தந்தத் துறையே, தனக்குச் சாதகமாக, வைத்துக்கொள்ளலாம்!

நிபந்தனை ஒன்றுதான்: அதே மதிப்பெண்ணை மற்ற துறைகளுக்கும் போட்டுப் பார்ப்போம், அதில் அதிகம் வாங்குவதை 100 என்று வைப்போம்.

கற்பனையாக மூன்று துறைகள், தலா 10 ஆசிரியர்கள். ‘அ’ துறை ஆண்டுக்கு 18 கட்டுரை, 2 பிஎச்.டி. தருகிறது. ‘ஆ’ துறை 2 கட்டுரை, 8 பிஎச்.டி. ‘இ’ துறை 8 கட்டுரை, 4 பிஎச்.டி. கட்டுரையை மட்டும் எண்ணினால் ‘அ’ ஜெயிக்கும், பிஎச்.டி.யை மட்டும் எண்ணினால் ‘ஆ’. இருவருக்கும் 100. நடுவில் நிற்கும் ‘இ’ எப்படித் தப்பிக்கும்? கட்டுரைக்கு 3, பிஎச்.டி.க்கு 8 என்று வைத்தால் அதற்கு 56 கிடைக்கிறது. ஆனால் அதே கணக்கில் ‘அ’வுக்கும் 70, ‘ஆ’வுக்கும் 70. 70க்கு 56, அதாவது 80%. வேறு எந்த விகிதத்தில் மதிப்பெண் வைத்தாலும் இதைவிடக் குறையும்.

இதையே இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். ‘அ’வில் பாதி, ‘ஆ’வில் பாதி சேர்த்தால் 10 ஆசிரியர்கள், 10 கட்டுரை, 5 பிஎச்.டி. ‘இ’ தருவது 8, 4. அதே 80%! ஆக இந்த முறை ‘இ’யைக் குறை சொல்வதோடு நிற்பதில்லை, யாரைப் பார்த்து, எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஓட்டைகளும் உண்டு. அளவைகளைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லோரும் ஏதாவது ஒன்றில் ஜெயித்து 100 வாங்கிவிடுவார்கள். இயற்பியலைத் தமிழோடு ஒப்பிடவும் வேண்டாம். ஆய்வகச் செலவே வேறு. 1990இல் பிரிட்டனில் இந்த முறையில் துறைகளை அளந்தபோது இயற்பியலை இயற்பியலோடும் வேதியியலை வேதியியலோடும்தான் ஒப்பிட்டார்கள்.

என் பயம் வேறு. நிரந்தரப் பணியிடங்களைக் காலியாக விட்டு, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஒப்பேற்றும் துறையில் நிரந்தர ஆசிரியர்களை மட்டும் எண்ணினால் செயல்திறன் பிரமாதமாகத் தெரியும். நிதியை இன்னும் வெட்ட அதுவே சாக்காகிவிடும். அதனால் இப்படி ஓர் அறிக்கை கைக்கு வந்தால், முதலில் ஆசிரியர் எண்ணிக்கையில் யாரைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சதவீதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.