டைட்டானிக்கின் ‘அமைதி அறை’

டைட்டானிக் கப்பலில் காது கிழியச் சத்தம் எழுப்பிய ஓர் அறைக்கு ‘அமைதி அறை’ என்று பெயர். கம்பியில்லாத் தந்தியை அனுப்பும் இயந்திரம் அதற்குள் இருந்தது. பக்கத்து அறையில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பவருக்கு வெகுதூரத்துக் கப்பல்களின் மெல்லிய ஒலி கேட்க வேண்டுமே! அதற்காக இந்த அறையின் சுவர்களில் ஒலித்தடுப்பு வைத்து அடைத்திருந்தார்கள். 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் கப்பலின் தந்தியாளர் ஜாக் பிலிப்ஸ் தட்டிய உதவி அழைப்புகள் இங்கிருந்துதான் புறப்பட்டன. இன்று அந்த அறை அட்லாண்டிக்கில் சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கூரையைத் திறந்து கருவியை மேலே எடுக்கலாமா என்று அமெரிக்க நீதிமன்றத்தில் பெரிய வழக்கே நடந்தது.

கருவி எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால்தான் இந்த வழக்கின் சிக்கல் புரியும்.

அப்போது வானொலி அலையை உண்டாக்கியது மின்பொறி. கப்பலின் டைனமோ தரும் மின்சாரத்தில் ஒரு மோட்டார் சுழலும். அது ஒரு மாறுமின்னோட்ட ஜெனரேட்டரைச் சுழற்றும். மின்மாற்றி அந்த மின்சாரத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு ஏற்றும், மின்தேக்கி அதை வாங்கி வைத்துக்கொள்ளும். ஜெனரேட்டரின் அச்சிலேயே ஒரு வட்டத்தகடும் சுழன்றுகொண்டிருக்கும். அதன் விளிம்பில் உள்ள உலோக முனைகள், அசையாமல் நிற்கும் மின்முனைக்கு நேரே வரும் ஒவ்வொரு கணமும் பட்டென்று ஒரு பொறி தாவும். உடனே தேங்கியிருந்த மின்சாரம் கம்பிச்சுருளுக்கும் மின்தேக்கிக்கும் இடையே முன்னும் பின்னும் ஓடி, சட்டென்று அடங்கிவிடும். கோயில் மணியை ஒரு தட்டுத் தட்டினால் அதிர்ந்து அடங்குகிறதே, அந்த மாதிரி. இந்த அதிர்வுதான் இரண்டு கொடிமரங்களுக்கு நடுவே கட்டிய ஆண்டெனா வழியாக அலையாகக் கிளம்பும். நொடிக்கு நூற்றுக்கணக்கான தட்டுகள் என்பதால் மறுமுனையில் கேட்பவருக்கு அது ஒரு சுரம் போலக் காதில் விழும். அந்தச் சுரத்தை நீட்டியும் குறுக்கியும் விட்டால் மோர்ஸ் எழுத்துகள்.

மணி சிறியதா பெரியதா என்பதைப் பொறுத்து அதன் ஓசை மாறும். இங்கே அந்த வேலையைச் செய்வது சுருளில் எத்தனை சுற்று, மின்தேக்கியின் அளவு எவ்வளவு என்பவை. கப்பல்கள் பொதுவாகப் பயன்படுத்திய அலைநீளம் 600 மீட்டர். டைட்டானிக்கின் கருவி 5 கிலோவாட் திறன் கொண்டது. அன்று கடலில் ஓடிய கப்பல்களில் இவ்வளவு வலுவான கருவிகள் சிலவே. கருவி கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தமும் இல்லை, மார்க்கோனி நிறுவனத்துடையது. பிலிப்ஸும் அவருடைய உதவியாளர் ஹாரல்ட் பிரைடும் அந்த நிறுவனத்தின் ஆட்கள்தான்.

பனிப்பாறையில் மோதுவதற்கு முந்தைய இரவு இந்தக் கருவி கெட்டுப்போனது. கோளாறு வந்தால் திறன் குறைந்த அவசரக் கருவியை வைத்துச் சமாளிக்க வேண்டும் என்பது விதி. இருவரும் அதை ஒதுக்கிவிட்டு, மணிக்கணக்காக உட்கார்ந்து சரிசெய்தார்கள். மின்மாற்றியிலிருந்து வரும் கம்பி உள்ளே கருகி, இரும்பு போல்ட்டில் பட்டதுதான் கோளாறு என்று உயிர்தப்பிய பிரைட் பின்னால் எழுதினார். அந்த விதிமீறலுக்கு 700க்கும் மேற்பட்டோர் நன்றி சொல்லியிருக்க வேண்டும். அவர்களை மீட்க வந்த கார்ப்பேத்தியா கப்பல் அந்த அழைப்பைக் கேட்டுத்தான் திரும்பியது.

கருவியின் மதிப்பு எதில் இருக்கிறது? மார்க்கோனி கருவிகளின் வடிவமைப்பு நமக்குத் தெரியும், வரைபடங்கள் இருக்கின்றன. தெரியாதது அந்த ஒரு இரவின் விவரம். எந்த ஸ்விட்ச் எந்த நிலையில் நின்றது? நீராவி குறைந்து மின்சாரம் தளர்ந்தபோது எதைத் திருகினார்கள்? பழுது பார்த்த தடம் எங்கே? இவையெல்லாம் பாகங்கள் ஒன்றுக்கொன்று இருக்கும் நிலையில் எழுதப்பட்டிருக்கின்றன. தூக்கும்போது முதலில் அழிவது அந்த நிலைதான். அதோடு, கருவி அந்த அறையோடு முடிவதும் இல்லை. மின்சாரம் தந்த டைனமோக்கள் கப்பலின் பின்பாதியோடு சுமார் 600 மீட்டர் தள்ளிக் கிடக்கின்றன. ஆண்டெனா மூழ்கும்போதே போய்விட்டது.

எடுத்தாலும் வேலை முடிந்துவிடாது. ஒரு நூற்றாண்டு உப்புநீரில் ஊறிய இரும்புக்குள் குளோரைடு ஆழமாக ஏறியிருக்கும். காற்றுப் பட்டதும் அது ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து இரும்பை உள்ளிருந்து உரித்துத் தள்ளும். அதனால் ஈரம் காயவிடாமல் கொண்டுவந்து, காரக் கரைசலில் மின்னாற்பகுப்பு செய்து, குளோரைடை நீண்ட காலம் மெல்ல வெளியேற்ற வேண்டும். பித்தளை, செம்பு ஓரளவு தாங்கும். ஒரே பெட்டியில் இரும்பு, செம்பு, மரம், காப்புப்பொருள் எல்லாம் ஒட்டிக்கிடந்தால் ஒன்றுக்கு மருந்தானது இன்னொன்றுக்கு விஷம்.

சரி, அப்படியே விட்டுவிடலாம் என்றால் அதுவும் லேசான பதிலில்லை. கப்பலின் இரும்பைப் பாக்டீரியாக்கள் தின்றுகொண்டிருக்கின்றன. அதில் ஒன்றுக்கு 2010இல் ஹாலோமோனாஸ் டைட்டானிகே என்றே பெயர் வைத்தார்கள். மீட்பு உரிமை பெற்ற ஆர்எம்எஸ் டைட்டானிக் நிறுவனம், கூரை இடிந்தால் கருவியே புதைந்துவிடும் என்று வாதிட்டது. கப்பலை வெட்டக் கூடாது என்று 2000இல் சொன்ன அதே நீதிமன்றம், 2020 மே மாதம் அதை இளக்கி அனுமதி தந்தது. அமெரிக்க அரசு எதிர்த்தது. டைட்டானிக் சிதைவைப் பாதுகாக்கப் பிரிட்டனோடு செய்துகொண்டு 2019இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தையும் 2017இன் சட்டத்தையும் அது காட்டியது. கப்பலுக்குள் இறந்தவர்களின் எச்சங்கள் இருக்கலாம் என்றும் சொன்னது. அந்த ஆழத்து நீர் எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். பதனிட்ட தோலை அவ்வளவாகத் தொடாது. அதனால்தான் கடல்தரையில் சில இடங்களில் காலணிகள் ஜோடி ஜோடியாகக் கிடக்கின்றன. ஆட்கள் கிடந்த இடங்கள் அவை. பிலிப்ஸின் உடல் கிடைக்கவே இல்லை.

நீரடி மரபுச் சொத்துகளுக்கான 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை, இருந்த இடத்திலேயே பாதுகாப்பதை முதலில் பரிசீலிக்கச் சொல்கிறது. முதலில் என்றுதான் சொல்கிறது, எப்போதும் என்று சொல்லவில்லை. என் கணக்கில் வரிசை இப்படி இருக்க வேண்டும்: கூரையைத் தொடாமல், இருக்கும் திறப்புகள் வழியே சிறு ரோபோவை அனுப்பி ஒவ்வொரு கைப்பிடியையும் ஒவ்வொரு கம்பியையும் முப்பரிமாணமாகப் பதிவு செய்வது. அதற்குப் பிறகும் பதில் கிடைக்காத கேள்வி ஒன்று மிஞ்சினால்தான் தூக்குவதைப் பற்றிப் பேச வேண்டும். ‘இல்லாவிட்டால் அழிந்துவிடும்’ என்ற வாதம் அந்தக் கப்பலின் ஒவ்வொரு ஆணிக்கும் பொருந்தும். அதை மட்டும் வைத்து எதையும் எடுக்கலாம்.

கொரோனா பெருந்தொற்றால் கருவியை எடுக்கும் பயணம் தள்ளிப்போனது. 2023 ஜூனில், டைட்டானிக்கைப் பார்க்க ஆட்களை ஏற்றிச் சென்ற டைட்டன் நீர்மூழ்கி நசுங்கியபோது, ஆர்எம்எஸ் டைட்டானிக் நிறுவனத்தின் ஆழ்கடல் ஆய்வுத் தலைவர் பால்-ஆன்ரி நார்ஜோலேவும் அதில் இறந்தார். கருவியை எடுக்கும் திட்டம் அதோடு கைவிடப்பட்டது. 2024இல் ஆளில்லா ரோபோக்கள் மட்டும் போய் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களோடு திரும்பின. கப்பலின் முன்முனையில் இருந்த இரும்பு வேலியில் சுமார் 4.5 மீட்டர் துண்டு உடைந்து தரையில் விழுந்திருப்பது அந்தப் படங்களில்தான் தெரிந்தது. 2022இல் எடுத்த படத்தில் அது நின்றுகொண்டிருந்தது.