எழுபத்தொன்றாம் நாள் வந்தவர்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பேஸ்மென்ட் கட்டிக் கொடுத்த ஒருவர், வேலை முடிந்த எழுபத்தொன்றாம் நாள் என் அலுவலகத்துக்கு வந்தார். 46,000 டொலர் ஒப்பந்தத்தில் 18,000 பாக்கி. கைபேசியில் வீட்டுக்காரரின் செய்திகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். "வெள்ளிக்கிழமை தருகிறேன்." "வங்கியில் கொஞ்சம் தாமதம்." "வருகிற கிழமை கட்டாயம்." காட்டி முடித்துவிட்டு, "லீன் போட்டுவிடுங்கள் அண்ணா" என்றார்.

பன்னிரண்டு நாள் முன்னதாக வந்திருந்தால் போட்டிருப்பேன்.

செய்த வேலைக்கு வராத பணத்தை அந்த நிலத்தின் உரிமைப் பதிவிலேயே ஏற்றிவிடுவதுதான் லீன். ஏறிவிட்டால், வீட்டை விற்கப் போனாலும் அடமானக் கடன் கேட்கப் போனாலும் அது முன்னே வந்து நிற்கும். ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டம் இதற்குத் தரும் காலம், வேலை முடிந்ததிலிருந்து 60 நாள். முன்பு 45 ஆக இருந்தது, 2018இல் கூட்டினார்கள். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். வீட்டுக்காரரின் வாக்குறுதி எதையும் நிறுத்திவைக்காது.

அவர் விடவில்லை. "நாற்பதாம் நாள் போய் ஒரு கதவுக் கைப்பிடியை மாற்றிக் கொடுத்தேனே, அங்கிருந்து எண்ணக்கூடாதா?" கூடாது. மிச்சமுள்ள வேலையின் மதிப்பு ஒப்பந்தத் தொகையில் 1 சதவீதம் அல்லது 5,000 டொலர், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டாவிட்டால், ஒப்பந்தம் ஏற்கெனவே முடிந்ததாகவே சட்டம் கொள்ளும். இவருக்கு அந்த எல்லை 460 டொலர். ஒரு கைப்பிடிக்கு அவ்வளவு வராது. திரும்பிப் போய் ஒரு திருகாணியை முறுக்கிவிட்டால் நாள் புதிதாகத் தொடங்கும் என்று இவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இதே யோசனையோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

துணை ஒப்பந்தக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தளத்தில் மற்றவர்கள் வேலை செய்துகொண்டிருந்தாலும், ஓடு பதித்தவருக்கு அவர் கடைசியாக வேலை செய்த நாளிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிடலாம். பெரிய கட்டடங்களில், வேலை பெரும்பாலும் முடிந்ததென்ற சான்றிதழ் வெளியானால் அதற்கும் முன்பே ஓடும். அவர்களுக்கு ஒரு பிடிமானம் உண்டு. பிரதான ஒப்பந்தக்காரருக்குத் தரும் ஒவ்வொரு கொடுப்பனவிலும் உரிமையாளர் 10 சதவீதத்தைப் பிடித்துவைத்திருக்க வேண்டும். லீன் காலம் தப்பினாலும், பிரதான ஒப்பந்தக்காரர் கைக்கு வந்த பணம் துணை ஒப்பந்தக்காரர்களுக்காக அவர் வைத்திருக்கும் நம்பிக்கைப் பணம் என்றே சட்டம் பார்க்கிறது. அதை வேறு வேலைக்குத் திருப்பிய நிறுவனத்தின் இயக்குநர் தன் சொந்தப் பொறுப்பில் மாட்டலாம்.

பதிவு செய்தவுடன் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறவர்களும் உண்டு. அந்த 60 நாள் முடிந்ததிலிருந்து 90 நாளுக்குள் வழக்குத் தொடுத்து, அதற்கான சான்றிதழையும் நிலப் பதிவில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் லீன் காலாவதியாகிவிடும். கோபத்தில் தொகையைக் கூட்டிப் போடாதீர்கள். வேண்டுமென்றே மிகைப்படுத்தினால் எதிர்த்தரப்பின் இழப்புக்கு நீங்கள் பொறுப்பாவீர்கள். வட்டிக்கு லீன் கிடையாது. உரிமையாளரின் பெயரையும் பதிவேட்டில் பார்த்தே எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் கணவர் கையெழுத்திட்டிருப்பார், வீடு மனைவி பெயரில் இருக்கும்.

விலைப்பட்டியலையும் (இன்வாய்ஸ்) சட்டம் கேட்கும் விவரங்களோடு எழுதுங்கள். முறையான பட்டியல் கொடுத்தால் 28 நாளுக்குள் உரிமையாளர் பணம் தர வேண்டும். மறுப்பதானால் 14 நாளுக்குள் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். 2019 அக்டோபர் முதல் இதுதான் விதி. "ஊர்க்காரர்தானே, பட்டியல் எதற்கு" என்று விட்டவர்கள் இந்த வசதியை இழக்கிறார்கள்.

ஸ்காபரோக்காரருக்கு லீன் போனாலும் கடன் போகவில்லை. சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகலாம்; பொதுவான காலவரம்பு இரண்டு ஆண்டு. "வெள்ளிக்கிழமை தருகிறேன்" என்ற செய்திகள் அங்கே நல்ல சாட்சி.

எழுந்து போகும்போது, மார்க்கம் நகரிலும் ஒரு வீட்டில் பணம் நிற்கிறது என்றார். எப்போது முடித்தீர்கள் என்று கேட்டு நாட்காட்டியை எடுத்தேன். ஐம்பத்திரண்டாம் நாள். அவரை மறுபடி உட்கார வைத்தேன்.