வளர்வதற்காக வெட்டப்படும் எலும்பு

ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக இருந்தால், அதன் எலும்பை வேண்டுமென்றே வெட்டி, சில நாள் கழித்து இரு துண்டுகளையும் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வீதம் விலக்கிக்கொண்டே போவார்கள். இடைவெளியில் புது எலும்பு உருவாகும். சைபீரியாவின் குர்கான் நகரில் எலும்பு மருத்துவர் கவ்ரீல் இலிசாரோவ் வளர்த்தெடுத்த முறை இது. எல்லோர் கண்ணும், துண்டுகளைப் பிடித்து விலக்குவதற்காகக் காலைச் சுற்றி மாட்டும் வளையங்கள் மீதே போகும். உண்மையில் அந்த வெட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது.

மின்ரம்பத்தால் சட்டென்று அறுத்துவிடலாமே? அறுக்கலாம், ஆனால் சூடாகும். 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்புச் செல்கள் சேதமடையும். செத்த விளிம்பிலிருந்து எலும்பு வளராது.

அதனால் இலிசாரோவ் உளியை எடுத்தார். சின்னக் கீறல் வழியாக எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வை ஒதுக்கி, வெளிப்புறக் கெட்டி எலும்பை மட்டும் வெட்டுவார். உள்ளே மஜ்ஜையைத் தொடமாட்டார். உளி எட்டாத பின்பக்கத்தை லேசாகத் திருகி முறிப்பார். மஜ்ஜையின் ரத்தநாளங்கள் தப்ப வேண்டும் என்பது அவர் கணக்கு. பிற்பாடு விலங்குகளில் செய்த சோதனைகளில், அந்த நாளங்கள் அறுந்தாலும் மீண்டுவிடுவது தெரிந்தது. காப்பாற்ற வேண்டியது முக்கியமாக வெளிச்சவ்வைத்தான்.

அப்புறம் மற்ற வழிகளுக்கும் தயக்கம் குறைந்தது. தபால்தலை ஓரம்போல வரிசையாகத் துளையிட்டு, துளைகளை உளியால் இணைப்பது ஒன்று. வளையங்களுக்குப் பதிலாக, எலும்புக்குள்ளேயே இருந்து நீளும் கம்பியைப் பொருத்தும்போது இந்தத் துளைகள் இன்னொரு விதத்திலும் உதவும். கம்பிக்காக எலும்பின் உட்குழாயைக் குடையும்போது ஏறும் அழுத்தம் அவற்றின் வழியே தணியும். குடைந்த எலும்புத்தூளும் வெட்டுமிடத்திலேயே வந்து சேர்ந்து வளர்ச்சிக்கு உரமாகும்.

இன்னொன்று ஜிக்லி ரம்பம், அதாவது முறுக்கிய கம்பி. சிக்கலான பிரசவத்தில் இடுப்பெலும்பை அறுப்பதற்காக இத்தாலிய மகப்பேறு மருத்துவர் ஒருவர் கொண்டுவந்த கருவி! அதைச் சவ்வுக்கு அடியில் நுழைத்து, இரு முனைகளையும் பிடித்து மாறி மாறி இழுப்பார்கள். கையால் அறுப்பதால் சூடு குறைவு.

எங்கே வெட்டுவது? பெரும்பாலும் மூட்டுக்கு அருகே, எலும்பு அகன்று ரத்தம் நன்றாக ஓடும் பகுதியில். முழங்காலுக்குக் கீழே நீட்டுவதென்றால் பக்கத்திலுள்ள மெல்லிய எலும்பையும் தனியே வெட்டியாக வேண்டும், இல்லையென்றால் அது விலகவிடாது.

வெட்டு முழுமையானதா என்பதை அறுவை அரங்கிலேயே எக்ஸ்ரேயில் பார்த்துவிடுவார்கள். துளி எலும்பு ஒட்டியிருந்தாலும், பிறகு விலக்குவதற்காகக் கருவியைத் திருகத் திருக வலிதான் கூடும், இடைவெளி திறக்காது.