ரைவல்: ஒரே வாய்க்காலின் பங்காளிகள்

ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் காதில் அதிகம் விழும் ஆங்கிலச் சொல் 'ரைவல்'. வர்ணனையாளர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லிவிடுவார்கள். மறுநாள் தமிழில் அதே பந்தயத்தைப் படித்தால் 'போட்டியாளர்' என்று இருக்கும். எழுதியவர் கொஞ்சம் சூடானவர் என்றால் 'பரம எதிரி'. இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. முதலாவது சப்பென்று இருக்கிறது, இரண்டாவது அடிதடி வழக்குபோல இருக்கிறது. சரி, மூலத்தில் என்னதான் பொருள் என்று தேடிப் போனால், அது என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் ஒரு வாய்க்கால் கரை.

லத்தீனில் 'ரிவுஸ்' என்றால் சிற்றோடை, வாய்க்கால். அதிலிருந்து வந்த 'ரிவாலிஸ்' என்பதற்கு, ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர் என்று பொருள். இது யாரோ கற்பனையாகச் சொன்ன சொல்லாராய்ச்சி இல்லை. ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியான், ஒரே வாய்க்கால் வழியாகத் தண்ணீர் கொண்டுபோகிறவர்கள் என்றே இதை விளக்குகிறார், அதுவும் தண்ணீர்த் தகராறைப் பற்றிப் பேசும் இடத்தில். ஜஸ்டீனியன் பேரரசர் 6ஆம் நூற்றாண்டில் தொகுப்பித்த சட்டத் திரட்டில் அந்த வரி இன்றும் இருக்கிறது. அப்புறம், ஒரே பெண்ணை விரும்பும் இருவருக்கும் லத்தீன்காரர்கள் இதே சொல்லை வைத்தார்கள். ஆங்கிலத்துக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். வந்த புதிதில் அங்கே 'கூட்டாளி' என்ற பொருளும் இருந்தது. ஹாம்லெட் நாடகத்தின் தொடக்கத்தில் காவல்காரன் ஒருவன், தன்னோடு காவல் நிற்க வர வேண்டியவர்களை 'ரைவல்' என்கிறான். சண்டைக்காரர்களை அல்ல, கூட நிற்பவர்களை.

(ஆங்கிலத்தில் ஆற்றைக் குறிக்கும் 'ரிவர்' இதன் தங்கை என்று தோன்றும். இல்லை. அது கரை என்று பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.)

இப்போது தமிழுக்கு வருவோம். 'போட்டியாளர்' தவறில்லை. ஆனால் ஒரு பந்தயத்தில் 20 கார் ஓடினால் 20 பேரும் போட்டியாளர்கள்தான். பதினெட்டாவது இடத்தில் ஓடுகிறவருக்கும் முதலிடத்தில் ஓடுகிறவருக்கும் இடையில் ரைவல் உறவு ஏது? போதாக்குறைக்கு நம் விளையாட்டுப் பக்கங்களில் 'போட்டி' என்பதே ஆட்டம் என்று ஆகிவிட்டது. 'இன்றைய போட்டியில் கடும் போட்டி' என்று எழுதவேண்டிய நிலை. 'எதிரி' எதிரே நிற்பவன். 'மாற்றான் வலி' என்கிறது குறள்; அந்த மாற்றானும் எதிர்ப்பக்கத்து ஆள்தான். 'வைரி' வடமொழியிலிருந்து வந்தது, பகையைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. ரைவல் எதிர்ப்பக்கத்து ஆள் இல்லை, பக்கத்து ஆள். ஒரே பொருளில் இரண்டு பேருக்கும் உரிமை இருப்பதால் வரும் சண்டை அது.

அந்த ஆளுக்குத் தமிழில் பெயர் இருக்கிறது: பங்காளி.

பங்கு + ஆளி. உழைப்பாளி, தொழிலாளி என்பதில் வரும் அதே ஆளி. சொத்தில் பங்கு உள்ளவர் என்பது நேர்ப்பொருள். அண்ணன் தம்பி, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் என்று தகப்பன் வழியில் வரும் எல்லாரும் பங்காளிகள். வரப்பு, மடை, முறைத்தண்ணீர் என்று ஊரில் நடக்கும் தகராறுகளில் பாதி இவர்களுக்குள்தான். 'பங்காளிக் காய்ச்சல்' என்றொரு சொல்லே இருக்கிறது. ஒருவன் வயல் விளைந்தால் மற்றவனுக்கு உடம்பு சுடும். அதே சமயம் தென்மாவட்டங்களில் நண்பனைத் தோளில் தட்டி 'வா பங்காளி' என்று கூப்பிடுவதும் உண்டு. லத்தீன் சொல்லில் இருந்த இரண்டு முகமும் இதில் அப்படியே இருக்கிறது. 'தாயாதி' என்பதும் இதே ஆளைத்தான் சொல்கிறது. அதைத் தாயோடு சேர்த்துப் பொருள் சொல்கிறவர்கள் உண்டு; தாயம் என்றால் பரம்பரைச் சொத்து, அம்மாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கார் பந்தயத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். ஒரு வளைவை வேகமாகக் கடக்க உகந்த பாதை ஒன்றுதான். ரேசிங் லைன் என்கிறார்கள். வெளியோரத்தில் தொடங்கி, உள்முனையைத் தொட்டு, மறுபடி வெளியோரத்துக்கு வரும் கோடு. அதில் மட்டும் டயர் ரப்பர் படிந்து பிடிப்பு இருக்கும், விலகினால் தூசி. ஆக ஒரு வாய்க்கால், இரண்டு பேருக்கும் அதில்தான் தண்ணீர்.

அயர்ட்டன் சென்னாவும் அலென் புரோஸ்டும் 1988இல் மெக்லாரன் அணியில் ஒன்றாக ஓட்டினார்கள். அந்த ஆண்டின் 16 பந்தயங்களில் 15 அந்த அணிக்கு. சென்னா 8, புரோஸ்ட் 7. ஒரே வீடு, ஒரே கார், ஒரே உலக சாம்பியன் பட்டம். மறு ஆண்டு இத்தாலியின் இமோலா பந்தயத்தில் இருவருக்கும் இடையே ஒரு பேச்சு இருந்தது: முதல் வளைவுக்கு யார் முதலில் போகிறாரோ அவரை அங்கே மற்றவர் முந்தக்கூடாது. இது சுத்தமான முறைத்தண்ணீர் ஒப்பந்தம். பெர்கர் என்ற இன்னொரு ஓட்டுநரின் கார் மோதித் தீப்பிடித்ததால் பந்தயம் நின்று மறுபடி தொடங்கியபோது புரோஸ்ட் முன்னால் போனார், சென்னா முந்திவிட்டார். பேச்சை மீறிவிட்டான் என்றார் புரோஸ்ட். மறுதொடக்கத்துக்கு அந்தப் பேச்சு செல்லாது என்பது சென்னா தரப்பு. எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் கேட்கக்கூடிய வாதம்தான்.

அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பானின் சுசுகாவில் மடை உடைந்தது. 46ஆவது சுற்றில், குறுகலான அந்த இரட்டை வளைவில் சென்னா உள்ளே நுழைய, புரோஸ்ட் கதவைச் சாத்த, இரண்டு காரும் பின்னிக்கொண்டு நின்றன. சென்னா காரைத் தள்ளச் சொல்லிக் கிளப்பி, முதலாவதாக வந்து, அப்புறம் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். பட்டம் புரோஸ்டுக்கு. 1990இல் அதே சுசுகா, புரோஸ்ட் இப்போது ஃபெராரியில். முதல் வளைவிலேயே சென்னா அவர்மேல் ஏற்றினார். இருவரும் வெளியே, புள்ளிகளில் முன்னால் இருந்ததால் பட்டம் சென்னாவுக்கு. வேண்டுமென்றே செய்ததை மறு ஆண்டு அவரே ஒப்புக்கொண்டார். என் கணக்கில் 1989க்குப் புரோஸ்டும் 1990க்குச் சென்னாவும் பொறுப்பு. ஆனால் இரண்டும் சமம் என்று சொல்ல மாட்டேன். முதலாவது மெதுவான வளைவு. இரண்டாவதில் பின்னால் இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தன. சென்னா ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

'மோதல்' பற்றியும் ஒரு வார்த்தை. கிரிக்கெட்டில் 'இந்தியா-ஆஸ்திரேலியா இன்று மோதல்' என்று போடுவார்கள், யாரும் யாரையும் இடிப்பதில்லை. இங்கே மோதல் என்றால் மோதல்தான். இந்தக் கார்களுக்கு மட்கார்டு கிடையாது, நான்கு சக்கரமும் வெளியே நிற்கும். முன்னால் போகும் காரின் பின்சக்கரத்தின் பின்பக்கம் மேல்நோக்கிச் சுழல்கிறது; பின்னால் வரும் காரின் முன்சக்கரத்தின் முன்பக்கம் கீழ்நோக்கிச் சுழல்கிறது. இரண்டும் தொட்டால் பின்னால் வந்த கார் ஏணியில் ஏறுவதுபோல ஏறிப் பறந்துவிடும். 2010இல் வலென்சியாவில் மார்க் வெப்பரின் கார் அப்படித்தான் கரணம் அடித்தது, அவர் பிழைத்தார். லேசாகத் தொட்டு விலகினால் அதற்கு 'உரசல்' என்ற சொல் அழகாகப் பொருந்தும். மனிதர்களுக்குள் வருவதும் உரசல்தானே.

1982 ஏப்ரல் 25, மறுபடியும் இமோலா. ஃபெராரியின் ஜில் வில்நெவ் முன்னால், அதே அணியின் டிடியே பிரோனி பின்னால். மெதுவாகப் போகச் சொல்லி அணியிலிருந்து பலகை காட்டினார்கள். இடம் மாறாமல் ஓட்டி முடிக்கச் சொல்கிறார்கள் என்று வில்நெவ் எடுத்துக்கொண்டார். பிரோனி கடைசிச் சுற்றில் முந்தி வென்றார். இனி அவனோடு பேச்சில்லை என்றார் வில்நெவ். 13 நாள் கழித்து பெல்ஜியத்தின் சோல்டர் தகுதிச்சுற்றில் அவர் சக்கரம் யோகன் மாஸின் காருடைய பின்சக்கரத்தில் ஏறி, கார் பறந்தது. அவர் பிழைக்கவில்லை. பிரோனி 1987இல் படகுப் பந்தயத்தில் இறந்தார். பிறகு அவருக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. தாய் வைத்த பெயர்கள் டிடியே, ஜில்.

ஹாமில்டனும் ரோஸ்பெர்கும் சிறுவயதில் கார்ட் என்ற குட்டி வண்டிப் பந்தயத்திலேயே ஒரே அணி. மெர்சிடிஸில் பங்காளிகள் ஆனபின், 2016 பார்சிலோனாவில் முதல் சுற்றிலேயே ஒருவரையொருவர் இடித்து வெளியேறினார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்: 18 வயது வெர்ஸ்டாப்பன் தன் முதல் வெற்றியைப் பெற்றார்.

சொந்தத்தில் பங்காளிக்கு இன்னொரு இலக்கணம் உண்டு. பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் சாவு விழுந்தால் தீட்டு அவருக்கும் உண்டு, வந்தாக வேண்டும். 1994 மே 1 அன்று சென்னா இமோலாவில் இறந்தார். அந்த வாரக் கடைசியில்தான், பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காகக் காரிலிருந்து பேசும்போது, ஓய்வு பெற்றுவிட்ட புரோஸ்டைப் பெயர் சொல்லி, உன்னை எல்லாரும் தேடுகிறோம் என்றிருந்தார். சாவ் பாவ்லோவில் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் புரோஸ்டும் ஒருவர்.

அதற்காக எல்லா இடத்திலும் பங்காளி என்று போடச் சொல்லவில்லை. அணிகளுக்கு இடையில், நிறுவனங்களுக்கு இடையில் என்றால் 'போட்டியாளர்' போதும். 2012 மலேசியப் பந்தயத்தில் செபாஸ்டியன் வெட்டலும் நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயனும் உரசிக்கொண்டார்கள். வெட்டலுக்கு டயர் போய் 11ஆவது இடம். கார்த்திகேயனுக்கு 20 விநாடி தண்டனை. வெட்டல் ஜெர்மன் மொழியில் 'வெள்ளரிக்காய்' என்று வேறு திட்டினார். அவர்கள் ஊரில் மோசமாக ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பெயர். அதை ரைவல்களின் மோதல் என்று எழுதினால் எனக்கே சிரிப்பு வரும். ஒருவர் உலக சாம்பியன், மற்றவர் சுற்றில் பின்தங்கிய காரில் இருந்தவர். தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நடந்தது வெறும் உரசல்தான். அந்தப் பந்தயத்தில் கார்த்திகேயனின் பங்காளி என்றால், அவருடைய அதே மெதுவான எச்.ஆர்.டி. அணிக் காரை ஓட்டிய பெட்ரோ டி லா ரோசா.